சுட்டுட்டு வந்தா காதுல ஙொய்ங்குது, மகனுக்கு என்ன வாங்கித் தர்றது?

அக்கா, உங்க கேள்விய நானே ஒரு தடவ சுருக்கிச் சொல்லிடறேன், மத்தவங்க படிச்சாலும் புரியட்டும். மகனுக்கு 27 வயசு, மலேசியாவுல பினாங்கு பட்டர்வொர்த் பக்கம் போலீஸ் பந்துவான், அதான் துணைப் போலீஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கான். போன வாரம் முதல் தடவ சுடப் பழகற ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போயி 9 எம்எம் பிஸ்டலும் பம்ப் கன்னும் (தோள்ல வெச்சு சுடற ஷாட்கன்) சுட வெச்சிருக்காங்க, காதுக்கு ஒரு ஸ்பாஞ்சு ப்ளக் கொடுத்திருக்காங்க ஆனா எப்படிப் போடறதுன்னு யாரும் காட்டல, கண்ணுக்கு ஒண்ணும் கொடுக்கல, நீதான் ஸ்பெக்ஸ் போட்டிருக்கியேன்னு விட்டுட்டாங்க. வீட்டுக்கு வந்ததுலேர்ந்து இடது காதுல ஙொய்னு சத்தம், ரெண்டு நாள்ல நின்னுபோச்சு, இப்ப 'அதான் நின்னுபோச்சே, விடும்மா'ங்கறான். மருமக வேற முழுகாம இருக்கு. அடுத்த மாசம் திரும்பப் போகணும், என்ன வாங்கித் தர்றதுன்னு கேக்கறீங்க.

நான் யாருன்னா, பிறையிலயும் பாயான் லெப்பாஸ்லயும் ஃபேக்டரி ஃபேக்டரியா போயி வேலையாளுங்களுக்கு காது டெஸ்ட் எடுத்து ரிட்டயர் ஆனவன், ஞாயித்துக்கெழமைல கிளப்புல பிஸ்டல் சுடறவன், இடது காது பாதி போனவன். அதனால கொஞ்சம் நீட்டியே பேசுவேன், பொறுத்துக்குங்க.

மொதல்ல அந்த 'நின்னுபோச்சே'. அதுதான் எனக்குப் பிடிக்கல. காதுக்குள்ள நத்தை மாதிரி சுருண்ட ஒரு குழாய் இருக்கு, அதுல ஒரு காதுக்கு சுமார் 15,000 முடி செல்லுங்க இருக்கு, சத்தம் வந்தா அந்த முடி ஆடும், ஆடறத நரம்பு மூளைக்குச் சொல்லும், அவ்ளோதான் கேக்கறதுங்கறது. பெரிய சத்தம் வந்தா முடி சாஞ்சுடும், சில செல் செத்தே போயிடும். லாலான் புல்லுல ஒரு தடவ நடந்தா மறுநாள் எந்திரிச்சுடும், தினம் அதே இடத்துல நடந்தா ஒத்தையடிப் பாதை ஆயிடும்ல, அந்தக் கதைதான், ஆனா இங்க ஒரே மிதியிலயும் பாதை விழும். செத்த செல் மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. கோழிக்கு முளைக்கும், நெசமாத்தான் சொல்றேன், கோழி காதுல அந்த செல் திரும்ப வளரும், நமக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.

இன்னொண்ணு, 2009-ல ஷேரன் குஜாவா, சார்ல்ஸ் லிபர்மன்னு ரெண்டு பேரு எலிங்கள 100 டெசிபெல் (சத்தத்த அளக்கற கணக்கு) சத்தத்துல ரெண்டு மணி நேரம் வெச்சுப் பார்த்தாங்க. கொஞ்ச நாள்ல எலிங்களோட கேக்கற அளவு பழையபடி ஆயிடுச்சு, டெஸ்ட்ல பாஸ். ஆனா உள்ள திறந்து பார்த்தா முடி செல்லுலேர்ந்து நரம்புக்குப் போற இணைப்புல நெறைய அறுந்து கெடந்துச்சு, அது திரும்பி வரல. அது எலி, மனுஷனுக்கு அப்படியே எடுத்து வெக்க முடியாதுதான், ஆனா சத்தம் நின்னதுனால காது ஆறிடுச்சுன்னு நெனைக்கக் கூடாதுன்னு புரிஞ்சுக்க அது போதும். அந்த ஙொய் நின்னுபோச்சுங்கறது நல்ல சேதிதான், இல்லன்னு சொல்லல, ஆனா அன்னைக்கு அடி விழுந்துச்சுங்கறதுக்கு அதுதான் சாட்சி.

இப்ப துப்பாக்கி சத்தம் எவ்ளோன்னு பாருங்க. மலேசியாவுல வேலை இடத்து சத்தத்துக்கு 2019-ல புது சட்டம் வந்துச்சு, அதுக்கு முன்னாடி 1989 சட்டம், அதுல நாள் பூரா 90 டெசிபெல் வரைக்கும் விட்டிருந்தாங்க, இப்ப 85. திடீர்னு வெடிக்கற சத்தத்துக்கு உச்ச அளவு 140. ஃபேக்டரில அந்த 140-அ நான் பார்த்ததே அபூர்வம், பெரிய ஸ்டாம்பிங் மெஷின் கிட்ட நின்னா நெருங்கும். துப்பாக்கில சின்னதுன்னு நம்ம நெனைக்கற .22 ரைஃபிளே 140-க்குப் பக்கத்துல நிக்குது, 9 எம்எம் பிஸ்டல் 160 சுத்தி, பம்ப் கன்னும் அந்த ரேஞ்சுதான். 140-க்கும் 160-க்கும் இருபதுதானே வித்தியாசம்னு நெனைக்காதீங்க, டெசிபெல் கணக்கு பாசார்ல காய்கறி நிறுக்கற கணக்கு இல்ல, இருபது கூடுனா காத்தோட அழுத்தம் பத்து மடங்கு, சக்தி நூறு மடங்கு. அதுவும் ரூஃப் போட்டு சுவர் கட்டின ரேஞ்சுன்னா சத்தம் சுவர்ல பட்டுத் திரும்பி வந்து திரும்ப அடிக்கும், பக்கத்து லேன்காரன் சுடறதும் உங்க மகன் காதுக்குத்தான். சுடாம பின்னாடி பெஞ்சுல உக்காந்து முறைக்குக் காத்திருக்கறவனுக்கும் ப்ளக் வேணும், இத நெறைய பேர் மறந்துடறாங்க.

காதுக்குள்ள ஒரு குட்டித் தசை இருக்கு, பெரிய சத்தம் கேட்டா இழுத்துப் பிடிச்சு காப்பாத்தும், அது இருக்கேன்னு ஒருத்தர் என்கிட்ட வாதம் பண்ணாரு. அந்தத் தசை முழிச்சு இழுக்கறதுக்குள்ள வெடிச்சத்தம் வந்து போயே போயிருக்கும், திருடன் ஓடினப்பறம் ஜாகா (வாட்ச்மேன்) விசில் ஊதற கதை. பழகிடும்னு வேற சொல்லுவாங்க. காது பழகாது, கேக்கறது கொறைஞ்சுபோயி சத்தம் சின்னதா தெரியும், அதத்தான் பழகிடுச்சுன்னு நெனைச்சுக்கறது.

ஏன் இடது காதுன்னு கேட்டிருந்தீங்க. வலது கைக்காரன் பம்ப் கன்ன தோள்ல வெச்சு சுடும்போது தலைய வலது பக்கம் சாய்ச்சு கன்னத்த கட்டையில வெப்பான், அப்ப இடது காது துப்பாக்கி வாயப் பார்த்து நிக்கும், வலது காது தலையோட மறைவுல இருக்கும். ரைஃபிளும் அப்படித்தான். நான் 80-கள்ல ஒரு ட்ரெயினிங்ல எம்16 ரைஃபிள் சுட்டேன், அப்ப காதுக்கு எதும் கிடையாது, சீனியருங்க சிகரெட் பட்ஸ பிச்சு ஃபில்டர காதுல வெச்சுக்கச் சொன்னாங்க, வெச்சோம், சிரிச்சோம். பஞ்சும் ஃபில்டரும் ஒண்ணுமில்லாததுக்குச் சமம். அந்த வாரம் வந்த ஙொய்ல பாதி இன்னும் போகல. வீடு ஆயர் ஈத்தாம்ல மலையடிவாரம், ராத்திரி சில்வண்டு வெளிய கத்துதா உள்ள கத்துதான்னு எனக்கு வித்தியாசம் தெரியாது, சம்சாரத்தக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கறேன். பேத்தி தாத்தா காசு குடுன்னா எனக்கு 'காது'ன்னு விழும், காதத் தொட்டுக் காட்டுவேன், அதுக்கு ஒரே சிரிப்பு. ச, ஸ, ஷ மாதிரி எழுத்துங்களோட சத்தம் கீச்சுனு ரொம்ப மேல இருக்கும், துப்பாக்கி மொதல்ல தின்னறது அந்த மேல் பகுதியத்தான், 4000 ஹெர்ட்ஸ்ங்கற கீச்சு சத்தத்த சுத்தி ஆடியோகிராம்ல, அதான் காது டெஸ்ட் பேப்பர்ல, ஒரு பள்ளம் விழும். அதனால ஆளு செவிடுன்னு தெரியாது, பேசறது கேக்கும் ஆனா புரியாது. சரி, என் கதை போதும்.

என்ன வாங்கறதுன்னா, ஒண்ணு இல்ல, ரெண்டு. உள்ள ஸ்பாஞ்சு ப்ளக், மேல மஃப், அதான் ஹெட்ஃபோன் மாதிரி காத மூடற கப். பிஸ்டல், பம்ப் கன் ரெண்டுக்கும் ரெண்டும் சேர்த்துப் போடறதுதான் சரி. டப்பாவுல என்ஆர்ஆர்னு ஒரு நம்பர் போட்டிருப்பான், ஐரோப்பா சாமான்னா எஸ்என்ஆர், அது எவ்ளோ டெசிபெல் தடுக்கும்ங்கறது. மஞ்சக்கலர் ஸ்பாஞ்சு ப்ளக்ல 29-ன்னு இருக்கும், நல்ல மஃப்ல 22-லேர்ந்து 31 வரைக்கும் பார்க்கலாம். அந்த நம்பர அப்படியே நம்பிடாதீங்க, அது லேப்ல டெக்னீஷியன் பக்கத்துல நின்னு போட்டு விட்டு எடுத்தது. அமெரிக்காவுல ஓஷாங்கற வேலையிடப் பாதுகாப்பு இலாகா ஒரு கணக்கு வெச்சிருக்கு, நம்பர்ல 7 கழிச்சு பாதியாக்கு. 29-ன்னா 22, பாதி 11. மெஷின் சத்தத்துக்குப் போட்ட கணக்குதான் அது, ஆனா வெடிக்கும் ஒரு குத்துமதிப்பு கிடைக்குது. 160-ல 11 போனா 149, இன்னும் 140-க்கு மேலதான். உங்க மகன் ப்ளக் போட்டுக்கிட்டும் காது அடி வாங்குனது இதனாலதான், ப்ளக் மேல தப்பு இல்ல, காதுக்கு வெளியில நுனியில ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும். ரெண்டும் சேர்த்துப் போட்டா 29-உம் 25-உம் கூட்டி 54-னு நெனைக்கக் கூடாது, பெரிய நம்பரோட ஒரு அஞ்சு கூட்டிக்கங்க, அவ்ளோதான், ஏன்னா ஒரு அளவுக்கு மேல சத்தம் காது ஓட்டை வழியா வராது, மண்டை எலும்பு வழியாவே உள்ள போயிடும். அந்த அஞ்சு சின்னதா தெரியும், ஆனா ரெண்டுல ஒண்ணு நழுவினாலும் இன்னொண்ணு காப்பாத்தும், அதான் ரெண்டோட நெஜமான லாபம்.

ப்ளக் போடற விதம், இத தயவுசெஞ்சு அவன உக்கார வெச்சு செய்யச் சொல்லிப் பாருங்க. கை கழுவிட்டு, ப்ளக்க ரெண்டு விரல்ல பீடி சுத்தற மாதிரி மடிப்பு விழாம மெல்லிசா உருட்டணும், சும்மா அமுக்கறது இல்ல, உருட்டணும். அப்பறம் எதிர்க்கைய தலைக்கு மேல கொண்டு போயி காத மேலயும் பின்னாலயும் இழுக்கணும், காது ஓட்டை வளைஞ்சு இருக்கும், இழுத்தாத்தான் நேராகும், இழுத்துப் பிடிச்சுக்கிட்டு உள்ள தள்ளி விரல எடுக்காம இருபது முப்பது செகண்டு அழுத்திப் பிடிக்கணும், ஸ்பாஞ்சு உள்ள போயி ஊதும் வரைக்கும். நம்மாளுங்க இந்த முப்பது செகண்டுதான் பிடிக்க மாட்டேங்கறாங்க, அஞ்சு எண்றதுக்குள்ள விட்டுடறாங்க, அது ஊதும்போது தன்னத்தானே வெளிய தள்ளிக்கும். சரியா போட்டா நேர் முன்னாடி நின்னு பார்க்கறவனுக்கு ப்ளக் தெரியக்கூடாது, அவன் பேசினா அவன் குரலே பானைக்குள்ள பேசற மாதிரி கேக்கும். ரெண்டு உள்ளங்கையையும் காது மேல பொத்தி எடுத்துப் பார்க்கட்டும், பொத்துனப்ப சத்தம் ரொம்பக் கொறைஞ்சா ப்ளக் ஒழுங்கா இல்லன்னு அர்த்தம். ஃபேக்டரில 15 வருஷம் தினம் ப்ளக் போட்டவங்களே இதுல தோத்துப்போறத நான் பார்த்திருக்கேன். எடுக்கும்போது மெதுவா திருகி எடுக்கணும், வெடுக்னு புடுங்குனா செவிப்பறைய இழுக்கும்.

அப்பறம் முக்கியமானது, அவன் கண்ணாடி போட்டவன். இங்கதான் காதும் கண்ணும் சண்ட போடும். மஃப்போட சக்தியே அந்த மெத்தை ரப்பர் தலையோட ஒட்டி சுத்தி அடைக்கறதுலதான் இருக்கு, கண்ணாடியோட கம்பி காதுக்கு மேல போயி மெத்தைய தூக்கிப் பிடிச்சா அங்க ஒரு இடுக்கு விழும், சத்தம் அந்த வழியா வரும், பல டெசிபெல் அப்படியே போயிடும். இப்ப ஃபேஷனா வர்ற தடிமனான ஃப்ரேம்தான் மோசம். கம்பி மெல்லிசா தட்டையா இருக்கற ஃப்ரேம் வேணும், மஃப் மெத்தை மெதுவா தடிமனா இருக்கணும், ஜெல் போட்டது வந்தா இன்னும் நல்லது. தொப்பிய மஃப்புக்கு அடியில சிக்க வெக்கறது, முடிய உள்ள விடறது, இதெல்லாமும் அதே ஓட்டைதான். போடற வரிசை ப்ளக், கண்ணாடி, மஃப். இன்னொண்ணு, பம்ப் கன்ன தோள்ல வெச்சு கன்னத்த சாய்க்கும்போது கட்டை வந்து வலது மஃப்ப இடிச்சுத் தூக்கிவிடும், அவனுக்கே தெரியாது, அதனால தடிச்ச கப் இல்லாம ஒல்லியான கப் வாங்கணும், தூக்குனாலும் உள்ள ப்ளக் இருக்கு. ஸ்பாஞ்சு ப்ளக் ஒரு ஜோடி தே தாரேக் (ஆத்துன டீ) காசுக்குள்ள வரும், ஒரு பெட்டியே வாங்கி வெச்சுடுங்க, ஒரு நாளுக்கு ஒண்ணுன்னு தூக்கிப் போட்டுடட்டும். நம்ம ஊரு வெக்கைக்கு அழுக்கு ப்ளக் திரும்பத் திரும்பப் போட்டா காதுல புண்ணு வரும். மஃப் மெத்தையும் வேர்வையில காஞ்சு வெடிக்கும், வெடிச்சா மாத்தணும், சில மாடலுக்கு மெத்தை மட்டும் தனியா விக்கறாங்க.

எலக்ட்ரானிக் மஃப் வேணுமான்னு கேட்டிருக்கீங்க. வெளிய மைக் இருக்கும், பேச்சு சத்தத்த உள்ள கொண்டு வரும், வெடிச்சா மைக் அடங்கிடும். நல்ல சாமான், காசு கூட, ஆனா ட்ரெயினர் சொல்றது கேக்கும்ங்கறதுதான் அதோட பெருமை. ஏன் சொல்றேன்னா, நான் பார்த்த காது விபத்துல பல பேருக்கு காதுல எல்லாம் இருந்துச்சு, 'என்ன சொன்னீங்க'ன்னு ஒரு பக்கம் மஃப்ப தூக்குனாங்க, அதே செகண்டு பக்கத்து லேன் சுட்டுச்சு. எனக்கே ஒரு தடவ ஆச்சு, கிளப்ல, சீஸ் ஃபயர் (சுடறத நிறுத்து) சொல்லிட்டாங்கன்னு நெனைச்சு தூக்கிட்டேன், சொல்லல. மூணு நாள் ஙொய். அதனால எலக்ட்ரானிக் வாங்க முடிஞ்சா வாங்குங்க, அடியில ப்ளக்கும் போட்டு வால்யூம ஏத்தி வெச்சுக்கட்டும், பேச்சு கேக்கும், வெடி அடங்கும். வாங்க முடியலன்னா பரவால்ல, சுடற கோட்ட விட்டு பின்னால வர்ற வரைக்கும் மஃப்ல கை வெக்கறதில்லன்னு ஒரு பழக்கம் போதும். பின்னாடி போட்டி கீட்டின்னு போனான்னா ஐஎஸ்எஸ்எஃப்ங்கற உலக துப்பாக்கி சுடும் சம்மேளனத்தோட ரூல்ல ரிசீவர் வெச்ச இந்த மாதிரி மஃப் சுடறவங்களுக்கு அனுமதி இல்ல, அதுவும் தெரிஞ்சு வெச்சுக்கட்டும்.

கண்ணு. 'நீதான் ஸ்பெக்ஸ் போட்டிருக்கியே'ன்னு சொன்னவங்கள எனக்குக் கொஞ்சம் கோவமா வருது. பவர் கண்ணாடி வேற, பாதுகாப்பு கண்ணாடி வேற. கடையில கொடுக்கற சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் பெரிய அடிக்கு உடைஞ்சு கூரா சிதறும், அப்ப கண்ணக் காப்பாத்த போட்டதே கண்ணக் குத்தும், கண்ணாடி லென்ஸ்னா சொல்லவே வேணாம், பக்கவாட்டுலயும் திறந்தே கெடக்கும். வேணும்ங்கறது போலிகார்பனேட்ங்கற அடி தாங்கற பிளாஸ்டிக், ஃப்ரேம்லயும் லென்ஸ்லயும் இசட்87 ப்ளஸ்னு (Z87+) அமெரிக்க பாதுகாப்பு ஸ்டாண்டர்டு முத்திரை இருக்கணும், அந்த ப்ளஸ் முக்கியம். அந்த டெஸ்ட்ல 6.35 மில்லிமீட்டர் இரும்பு குண்ட செகண்டுக்கு சுமார் 45 மீட்டர் வேகத்துல அடிப்பாங்க, கூர் வெச்ச அரை கிலோ எடைய 127 சென்டிமீட்டர் உயரத்துலேர்ந்து போடுவாங்க, லென்ஸ் உடையவும் கூடாது ஃப்ரேம விட்டு கழலவும் கூடாது. அமெரிக்க ராணுவ ஸ்டாண்டர்டு இன்னும் கடுமை, 3.8 மில்லிமீட்டர் துண்டு, செகண்டுக்கு கிட்டத்தட்ட 200 மீட்டர். அத வாங்கினா தப்பில்ல, ஆனா ரேஞ்சுக்கு இசட்87 ப்ளஸ் போதும்ங்கறது என் கருத்து. நேரா வர்ற குண்ட எந்தக் கண்ணாடியும் தடுக்காது, அதுக்கு இல்ல இது. பசார் மாலாம் ராத்திரி சந்தையில விக்கற கறுப்புக் கண்ணாடியில யூவி400-னு ஸ்டிக்கர் இருக்கும், அது வெயிலுக்கு, அடிக்கு இல்ல.

அப்ப எதுக்குன்னா, சுட்ட பிஸ்டல் காலி தோட்டாவ வலது பக்கம் கக்கும், சூடா இருக்கும், பக்கத்து லேன்காரனோடது உங்க மகன் முகத்துலதான் விழும், சுவர்ல பட்டுத் திரும்பியும் வரும், புருவத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல போயி மாட்டிக்கிட்டா தோல் வெந்துடும், அதுக்குத்தான் முன்னால நீட்டின தொப்பி. சட்டைக்குள்ள விழுந்தா ஆள் துள்ளுவான், துள்ளும்போது கையில இருக்கற துப்பாக்கி எங்க பார்க்குதுங்கறதுதான் பயம், கழுத்து மூடின சட்டை போட்டுட்டுப் போகச் சொல்லுங்க. ரிவால்வர்னா சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல ஒரு இடுக்கு இருக்கு, சுடும்போது அந்த இடுக்குலேர்ந்து சூடான கேஸும் ஈயத் துகளும் ரெண்டு பக்கமும் பீச்சும், அதனாலதான் ரிவால்வர்காரன் பக்கத்துல சரிசமமா நிக்கக் கூடாதுங்கறது. இரும்பு டார்கெட்ல பட்டா ஈயம் தெறிச்சுத் திரும்பும். தோட்டா உறை கிழிஞ்சா கேஸ் பின்னாலயே வரும், அபூர்வம், ஆனா வந்தா நேரா கண்ணுக்குத்தான். எல்லாரும் மறக்கற எடம் ஒண்ணு இருக்கு, துப்பாக்கி க்ளீனிங். சுட்டு முடிஞ்சது, கண்ணாடிய கழட்டி வெச்சாச்சு, ஹாயா பிரிச்சு துடைக்கறோம், உள்ள இருக்கற ஸ்பிரிங் அமுக்கத்துல இருக்கும், நழுவினா துள்ளி வரும். எனக்கு புருவத்துல ஒரு தழும்பு இருக்கு, ஒரு விரல்கடை கீழ வந்திருந்தா இத டைப் பண்ண ஒரு கண்ணோட இருந்திருப்பேன். துடைக்கற கெமிக்கலும் தெறிக்கும்.

அவன் பவர் கம்மின்னா இப்ப போடற ஸ்பெக்ஸுக்கு மேலயே போடற மாதிரி பெரிய சேஃப்டி கண்ணாடி வாங்கலாம், விலை கொறைவு, ஆனா ரெண்டு கம்பி காதுக்கு மேல போகும், மஃப்ப ரெண்டு மடங்கு தூக்கும், புகையும் படியும். மாசாமாசம் சுடப்போற வேலைன்னா பவரோட சேஃப்டி கண்ணாடியே செஞ்சுக்கறது நல்லது. ஆப்டிக்கல் கடையில சொல்லும்போது போலிகார்பனேட் லென்ஸ்னு மட்டும் சொல்லாதீங்க, ஃப்ரேமும் முத்திரை உள்ளதா இருக்கணும்னு சொல்லுங்க, இல்லன்னா லென்ஸ் உடையாது, அப்படியே முழுசா ஃப்ரேம விட்டு கழண்டு கண்ணு மேல அடிக்கும். கலர் பத்தி ரொம்ப யோசிக்க வேணாம், உள்ளரங்கு ரேஞ்சுக்கு கலர் இல்லாத வெள்ளை, மழை மேகத்துக்கு மஞ்சள் கொஞ்சம் எடுப்பா காட்டும், வெயிலுக்கு சாம்பல் கலர். ஏர்கான் காடிலேர்ந்து எறங்கினதும் பனி படியும், அதுக்கு பாத்திரம் கழுவற சோப்ப ஒரு சொட்டு தடவி காயவிட்டு மெதுவா துடைச்சா கொஞ்ச நேரம் தாங்கும். என்ன மாதிரி கெழவன்னா துப்பாக்கி நுனியில குறி பாக்கற ஃப்ரண்ட் சைட்டே மங்கலா தெரியும், அதுக்கு அரை, முக்கால் பவர் கூட்டி தனியா ஒண்ணு செய்யலாம், 27 வயசுக்கு அது வேணாம்.

கண்ணுல ஏதாவது பட்டுடுச்சுன்னா, தூசி, பவுடர், கெமிக்கல்னா தேய்க்காம சுத்தமான தண்ணிய நெறைய விட்டுக் கழுவணும், கெமிக்கல்னா ஒரு கால் மணி நேரமாவது. குத்திக்கிட்டு நிக்குது, ரத்தம் வருது, திடீர்னு பார்வை மங்குதுன்னா தண்ணியும் வேணாம் மருந்தும் வேணாம், புடுங்கவே கூடாது, அமுக்கக் கூடாது, ஒரு பேப்பர் கப்ப கண்ணச் சுத்தி எலும்பு மேல வெச்சு டேப் ஒட்டி நேரா ஜிஎச் (அரசாங்க ஆஸ்பத்திரி) எமர்ஜென்சி, ஆப்பரேஷன் தேவைப்படலாம்ங்கறதால வழியில எதும் சாப்பிடக் கூட வேணாம். நம்ம வீட்டுல துணி நுனியால எடுக்கறது, தாய்ப்பால் விடறது, அதெல்லாம் இதுக்கு இல்ல. அதே மாதிரி காது அடைச்சுக்கிச்சுன்னா பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெய ஊத்தறது, வேணவே வேணாம், செவிப்பறை கிழிஞ்சிருந்தா எண்ணெய் நேரா உள்ள போகும். சுட்ட மறுநாளும் ஒரு காது அடைச்ச மாதிரியே இருக்கு, வலி, தலை சுத்தல், ரத்தம், எது இருந்தாலும் உடனே இஎன்டி டாக்டர்கிட்ட போகணும். ஸ்டீராய்டு கொடுக்கறதா வேணாமான்னு அவரு முடிவு பண்ணுவாரு, அதுக்கு நாள் தள்ளத் தள்ள பலன் கொறையும், ரெண்டு வாரம் பார்க்கலாம்னு உக்காரக் கூடாது.

மருமக விஷயம் நீங்க கேக்காம விட்டீங்க, நான் சொல்லிடறேன். தோட்டாவுல ஈயம் இருக்கு, அடியில இருக்கற ப்ரைமர் மருந்துலயும் பெரும்பாலும் ஈயம்தான், சுடும்போது பொடியா பறந்து கையிலயும் சட்டையிலயும் முடியிலயும் ஒட்டும். ஈயம் தாய் வழியா குழந்தைக்குப் போகும். அதனால ரேஞ்ச விட்டு வரும்போதே சோப்பு போட்டு கையும் முகமும் கழுவணும், கழுவாம பசியாறக் கூடாது, சிகரெட்டும் கூடாது, வீட்டுக்கு வந்ததும் சட்டைய தனியா மெஷின்ல போடணும், குளிச்சுட்டு அப்பறம் அந்தப் பிள்ளை பக்கத்துல போகட்டும். செருப்ப வெளிய விடற பழக்கம் நமக்கு ஏற்கனவே இருக்கு, நல்லதாப் போச்சு. வேடிக்கை பாக்கவும் மருமக ரேஞ்சுக்கு வர வேணாம், மஃப் அம்மா காத மூடும், வயித்த மூடாது. யாராவது நம்ம மலேசியா வீராங்கனை நூர் சூர்யானி 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல எட்டு மாச வயித்தோட சுட்டாங்களேன்னு கேப்பாங்க, சுட்டாங்க, பெருமைதான், ஆனா அவங்க சுட்டது 10 மீட்டர் ஏர் ரைஃபிள், காத்தழுத்தத்துல போற சின்ன குண்டு, அதோட சத்தத்த பம்ப் கன்னோட ஒண்ணா வெச்சுப் பேச முடியாது.

கம்பெனிகிட்ட கேக்கலாமான்னா கேக்கலாம். 1994 வேலையிடப் பாதுகாப்பு சட்டத்த 2022-ல திருத்தி, 2024 ஜூன் 1-லேர்ந்து ராணுவம் மாதிரி சிலத விட்டு மத்த எல்லா வேலை இடத்துக்கும் கொண்டு வந்துட்டாங்க. 2019 சத்தச் சட்டப்படி அளவு தாண்டினா காதுக்குப் போடறத முதலாளிதான் கொடுக்கணும், போடவும் சொல்லிக் கொடுக்கணும். ஆனா புதுசா சேர்ந்த பையன் போன உடனே சட்டம் பேசினா எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியும், மொதல்ல சொந்தமா வாங்கிக்கட்டும், பெரியவங்க யாராவது நல்லவரா இருந்தா அவரு வழியா மெதுவா கேக்கட்டும்.

அடுத்த ரேஞ்சுக்கு முன்னாடி ஒரு ஆடியோகிராம் எடுத்துடச் சொல்லுங்க, இதுதான் நான் ரொம்ப வற்புறுத்தற விஷயம். அரை மணி நேர வேலை, வலி இல்ல, இப்ப இருக்கற அளவு பேப்பர்ல வந்துடும், அடுத்த வருஷம் எடுக்கறத இதோட வெச்சுப் பார்த்தாத்தான் கொறையுதா இல்லையான்னு தெரியும். டெஸ்டுக்கு முன்னாடி 14 மணி நேரம் பெரிய சத்தம் எதும் இருக்கக் கூடாது, மோட்டோல இயர்ஃபோன் மாட்டிக்கிட்டு பாட்டு கேட்டுட்டு வந்து உக்காந்தா ரிசல்ட் தப்பா வரும். 4000 ஹெர்ட்ஸ்ல இடது பக்கம் எவ்ளோ காட்டுதுன்னு கேட்டு எழுதி வெச்சுக்கங்க. அப்பறம் காது ஓட்டை சின்னதா இருந்தா சாதாரண ப்ளக் முழுசா உள்ள போகாது, சின்ன சைஸ் தனியா வருது, வலிக்குதுன்னு சொன்னான்னா அத வாங்கிக் கொடுங்க, அவன் பவர் எவ்ளோ, இப்ப போடற ஃப்ரேம் எப்படின்னு சொன்னீங்கன்னா எந்த மாதிரி கண்ணாடி சரிப்படும்னு பார்த்துச் சொல்றேன்.